கொழும்புக் குசினியில் பழ ஈ மொய்க்காமல் பழமும் மரக்கறியும் வைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை வாங்கிய கோழிக்கூட்டு வாழைப்பழச் சீப்பில் புதன்கிழமை நான்கு பழம்தான் மிச்சம். ஒன்றை எடுக்கக் கை நீட்டினால் எள்ளைத் தூவியதுபோல ஒரு கூட்டம் கிளம்பி முகத்துக்கு நேரே சுற்றும். எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் கொசு. கடிக்கிறது நுளம்பு, பழத்தில் மொய்க்கிறது கொசு என்று கேட்டுத்தான் வளர்ந்தோம். பழ ஈ என்றால் எல்லோருக்கும் விளங்கும் என்பதால் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில், ஒரே ஒரு ஜன்னல் உள்ள குசினியில் பல வருஷம் இதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். வினாகிரி வைத்தேன், கராம்பு குத்திய தேசிக்காய் வைத்தேன், துணியை வீசித் துரத்தினேன். கடைசியில் பிடிபட்டது இதுதான்: ஈயைப் பிடிப்பது கடைசி வேலை. சந்தைப் பை வீட்டுக்குள் வந்த முதல் அரை மணித்தியாலத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் முக்கால்வாசி விஷயம் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் அந்த அரை மணித்தியாலத்துக்குத்தான் அதிக இடம்.

எங்கிருந்து வருகிறது?

பழ ஈ தானாக முளைப்பதில்லை. முட்டை பெரும்பாலும் பழத்தோடு சேர்ந்தே வீட்டுக்கு வருகிறது. மிச்சம் ஜன்னல் வழியாகப் பறந்து வருகிறது. பழுத்துப் புளிக்கத் தொடங்கும் எதிலும் ஈஸ்ட் வளரும். அந்த ஈஸ்டும், அதிலிருந்து கிளம்பும் புளிப்பு வாசனையும்தான் இதை இழுக்கின்றன. நல்ல கெட்டியான தோலுள்ள பழத்தை அது அவ்வளவாகக் கவனிக்காது. வெடிப்பு, காம்பு கழன்ற இடம், நசிந்த மூலை, இவைதான் அதன் வாசல்.

பெண் ஈ தன் வாழ்நாளில் சில நூறு முட்டை இடும். ஒரு முட்டை அரை மில்லிமீற்றர்தான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு நாளில் முட்டை பொரித்துப் புழு வெளிவரும். புழு நான்கைந்து நாள் தின்னும், பிறகு கூட்டுப்புழுவாகி இன்னும் நான்கைந்து நாள் இருக்கும். மொத்தம் 10 நாள் அளவு. 28, 29 பாகை என்றால் இது 8 நாள் அளவுக்குச் சுருங்கிவிடும். கொழும்பில் வருஷம் முழுக்கச் சராசரி 27, 28 பாகையில்தான் நிற்கிறது. குளிர் நாடுகளில் மாரி வந்தால் இந்தத் தொல்லை குறையும். இங்கே அந்த ஓய்வு கிடையாது.

இந்த வேகத்தினால்தான் தோமஸ் ஹன்ட் மோர்கன் என்ற விஞ்ஞானி நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பால் போத்தல்களுக்குள் வாழைப்பழம் போட்டு இதே ஈயை ஆயிரக்கணக்கில் வளர்த்துப் பரம்பரையியலை ஆராய்ந்தார். 1933இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஒரு போத்தலும் ஒரு துண்டு வாழைப்பழமும் போதும், ஒரு பரம்பரை தயார். நம் குசினி அலுமாரிக்கும் அந்தப் போத்தலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இந்த 8 நாள் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்வது எல்லாம் இந்தச் சங்கிலியை எங்காவது ஓரிடத்தில் அறுப்பதற்குத்தான்.

முதல் படி: வாங்கும்போது

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நடைபாதைக் கடையில் வாங்கினாலும் சந்தையில் வாங்கினாலும் சீப்பைத் திருப்பிப் பாருங்கள். காம்புப் பக்கம் வெடித்திருக்கிறதா, ஒரு பழமாவது கழன்று உள்சதை தெரிகிறதா? கோழிக்கூட்டு நன்றாகப் பழுத்தால் சீப்பிலிருந்து தானாகவே கழன்று விழும், தோலும் சட்டென்று வெடிக்கும். அதனால் ஒரு வாரத்துக்கு என்றால் பாதி பழம், பாதி செங்காய் என்று பிரித்து வாங்குங்கள். கப்பல் வாழையும் ஆனைவாழையும் இந்த விஷயத்தில் கொஞ்சம் பொறுமைசாலிகள்.

வாரத்துக்கு ஒருமுறை பெரிய பை நிறைய வாங்குவதைவிட இரண்டு முறை சிறிதாக வாங்குவது நல்லது. காலி வீதியில் எங்கே திரும்பினாலும் பழக்கடை இருக்கிற ஊரில் சேர்த்து வைக்க வேண்டிய அவசியம் இல்லை.

இரண்டாம் படி: முதல் அரை மணித்தியாலம்

பையைக் குசினி மேசையில் வைத்துவிட்டு, களைப்பாக இருக்கிறது, பின்னேரம் பார்ப்போம் என்று போவதுதான் எல்லோரும் செய்வது. நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். சொப்பிங் பேக்குக்குள் தக்காளி, கீரை, மாம்பழம் எல்லாம் ஒன்றாக வேர்த்துப்போய்க் கிடக்கும். அந்த ஈரமும் சூடும் போதும், நசிந்த ஒரு தக்காளி மூன்று தக்காளியைக் கெடுத்துவிடும்.

வந்த கையோடு இதைச் செய்யுங்கள்.

மேசையில் பழைய பத்திரிகை ஒன்றை விரியுங்கள். பையில் உள்ள எல்லாவற்றையும் அதில் கொட்டிப் பரப்புங்கள். கையால் ஒவ்வொன்றையும் தொட்டு மூன்றாகப் பிரியுங்கள். இன்றைக்கே சாப்பிட வேண்டியது, அதாவது நசிந்தது, வெடித்தது, மிருதுவானது. இரண்டு மூன்று நாள் தாங்குவது. ஒரு வாரம் தாங்குவது. நசிந்த தக்காளி இன்றைக்குச் சொதிக்கோ குழம்புக்கோ போகட்டும். வெடித்த வாழைப்பழத்தை உரித்து ஒரு டப்பாவில் போட்டு பிரீசரில் வையுங்கள், நாளைக்குப் பாலோடு அடித்துக் குடிக்கலாம். இந்த முதல் குவியலைத்தான் பழ ஈ தேடி வருகிறது. அது மேசையில் இல்லையென்றால் அதற்கு இங்கே வேலை இல்லை.

அடுத்தது கழுவுவது. எல்லாவற்றையும் கழுவக்கூடாது. தோல் கெட்டியான பழங்களை, அதாவது வாழைப்பழம், மாம்பழம், பப்பாசி, தோடம்பழம், கொய்யா, அன்னாசி ஆகியவற்றைக் குழாய் நீரில் ஓடவிட்டுக் கையால் தேய்த்துக் கழுவுங்கள். தோலில் ஒட்டியிருக்கும் சாறும் ஈஸ்டும் போகும், முட்டையும் ஓரளவு போகும். வாழைப்பழச் சீப்பின் தலையில், வெட்டிய இடத்தில், பால் காய்ந்து கறுத்திருக்கும். அந்த மடிப்புகளை ஒரு பழைய பல்துலக்கியால் தேய்த்துவிடுங்கள். அன்னாசியின் அடிப்பக்கமும் அப்படித்தான், அங்கே பூஞ்சணம் பிடித்திருந்தால் ஒரு விரல் அளவுக்கு வெட்டி எறியுங்கள்.

கழுவிய பிறகு துடைப்பது கழுவுவதைவிட முக்கியம். பழைய பருத்தித் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து, மின்விசிறிக்குக் கீழே பத்து நிமிஷம் பரப்பி வையுங்கள். கொழும்பின் ஈரக் காற்றில் தானாகக் காயும் என்று விட்டால் காம்புக் குழியில் நீர் தங்கி அங்கேயே பூஞ்சணம் வரும். துடைக்க நேரமில்லாத நாளில் கழுவவே வேண்டாம், சாப்பிடும்போது கழுவிக்கொள்ளலாம்.

கீரை, கறிவேப்பிலை, பச்சை மிளகாய், போஞ்சி, வெங்காயம், உருளைக்கிழங்கு, உள்ளி, இஞ்சி ஆகியவற்றை வைப்பதற்கு முன் கழுவக்கூடாது.

பைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலி சொப்பிங் பேக்கை மடித்துச் சிங்குக்குக் கீழே சொருகி வைப்போம். அதன் மூலையில் ஒரு சொட்டு மாம்பழச் சாறு இருந்தால் அதுவே போதும். உள்ளே வெளியே திருப்பி ஒருமுறை அலசிக் காயப்போட்ட பிறகு மடியுங்கள்.

மூன்றாம் படி: எதை எங்கே வைப்பது

பழம் பழுக்கும்போது எதிலீன் என்ற வாயு வெளியேறும். வாழைப்பழம், மாம்பழம், பப்பாசி, தக்காளி இதை நிறைய விடும். பக்கத்தில் இருக்கிற மற்றவையும் அந்த வாயு பட்டு வேகமாகப் பழுக்கும், கீரை மஞ்சளாகும். அழகுக்காக எல்லாப் பழத்தையும் ஒரே கூடையில் அடுக்கி மேசை நடுவில் வைக்கிறோமே, பழ ஈக்கு அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. கூடையைப் பிரித்துவிடுங்கள்.

வாழைப்பழம்: செங்காயாக இருக்கும்வரை வெளியே, ஒரு கொக்கியில் தொங்கவிட்டால் நல்லது. கீழே வைத்தால் தன் பாரத்திலேயே அடிப்பழம் நசியும். 13 பாகைக்குக் கீழே போனால் வாழைப்பழத்தோல் கறுக்கும், அதனால்தான் பிரிட்ஜில் வைக்கக்கூடாது என்கிறார்கள். ஆனால் முழுதாகப் பழுத்த பழத்தைப் பிரிட்ஜில் வைத்தால் கறுப்பது தோல் மட்டும்தான், சதை இரண்டு மூன்று நாளுக்கு நன்றாகவே இருக்கும். விருந்தாளிக்கு முன்னால் வைக்க அழகில்லை, அவ்வளவுதான். ஈ மொய்த்த மஞ்சள் பழத்தைவிடக் கறுத்த தோலுக்குள் இருக்கிற சுத்தமான பழம் மேல் என்பது என் கட்சி.

மாம்பழம், பப்பாசி, கொய்யா, அவகாடோ: காயாக வாங்கினால் வெளியே பழுக்கவிடுங்கள். பழுத்தவுடன் பிரிட்ஜுக்குள். காயிலேயே பிரிட்ஜில் வைத்தால் ஒழுங்காகப் பழுக்காது. வெட்டிய பப்பாசியை எப்போதும் மூடியுள்ள டப்பாவில்தான் வைக்க வேண்டும். தட்டைக் கவிழ்த்து மூடுவது போதாது, பழ ஈ விளிம்பு இடைவெளியால் நுழையும்.

அன்னாசி: பறித்த பிறகு அது மேலும் இனிக்காது. இன்னும் பழுக்கட்டும் என்று மேசையில் வைத்துக் காத்திருப்பது புளிக்க வைப்பதற்குச் சமம். வாங்கிய மறுநாளுக்குள் வெட்டித் துண்டாக்கி மூடி பிரிட்ஜில் வையுங்கள். தோலை அன்றைக்கே வெளியேற்றுங்கள். எங்கள் வீட்டில் பழ ஈக்கு மிகப் பிடித்த பொருள் அன்னாசித் தோல்தான்.

ரம்புட்டான்: பருவம் வந்தால் மல்வானையிலிருந்து லொறி லொறியாகக் கொழும்புக்கு வரும். கொத்தோடு தொங்கவிட ஆசைதான். இரண்டாவது நாளே உதிர்ந்து, உதிர்ந்த இடத்தில் துளை தெரியும். காம்பிலிருந்து கத்தரியால் சிறிது தண்டு விட்டு வெட்டி, டப்பாவில் போட்டு பிரிட்ஜில் வையுங்கள்.

விளாம்பழம், பலாப்பழம், அன்னமுன்னா, கொடித்தோடை: இவை வாசனையாலேயே அடுத்த வீட்டு ஈயையும் அழைக்கும். உடைத்த அன்றே முடித்துவிடுங்கள், மிச்சத்தை மூடியுள்ள போத்தலில் போட்டு பிரிட்ஜில் வையுங்கள். பலாச்சுளை எடுத்த பிறகு சக்கையைக் குசினியில் ஒரு இரவுகூட வைக்காதீர்கள்.

தக்காளி: செங்காயைக் காம்புக் குழி கீழே இருக்கும்படி ஒற்றை வரிசையில் பரப்பி வையுங்கள், ஒன்றன்மேல் ஒன்று வேண்டாம். சிவந்த பிறகு பிரிட்ஜ். சுவை கொஞ்சம் குறையும் என்பது உண்மை, ஆனால் கறிக்குத்தானே.

தேசிக்காய், தோடம்பழம்: துடைத்து, மூடியுள்ள போத்தலில் பிரிட்ஜில் வைத்தால் தேசிக்காய் வாரக்கணக்கில் சாறு வற்றாமல் இருக்கும். வெளியே கூடையில் வைத்தால் ஒன்று பூஞ்சணம் பிடித்துப் பக்கத்தில் இருப்பதையும் பிடிக்கும்.

கீரை வகை: வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன் எல்லாவற்றையும் கட்டை அவிழ்த்து, மஞ்சள் இலையைப் பொறுக்கி எறிந்து, உலர்ந்த துணியிலோ பத்திரிகையிலோ சுற்றி பிரிட்ஜின் கீழ்த் தட்டில் வையுங்கள். கட்டிய ரப்பருக்குக் கீழேதான் முதலில் அழுகும், அந்த ரப்பரை அவிழ்க்காமல் வைத்துவிட்டுப் பிறகு கீரையைக் குறை சொல்லிப் பயனில்லை. கறிவேப்பிலையைத் தண்டிலிருந்து உருவி, உலர்ந்த டப்பாவில் ஒரு துண்டு கடதாசியோடு வைக்கலாம். பச்சை மிளகாயைக் காம்பு கிள்ளி அதேபோல. காம்பு இருந்தால் அங்கிருந்துதான் அழுகல் ஆரம்பிக்கும்.

கரட், பீற்றூட், கோவா, லீக்ஸ், போஞ்சி, வெண்டிக்காய்: இவை எல்லாம் பிரிட்ஜில். கரட்டின், பீற்றூட்டின் இலையை வெட்டிவிடுங்கள். மண்ணோடு இருந்தால் தட்டித் துடைத்தால் போதும். பூசணிக்காய் முழுதாக இருந்தால் வெளியே நெடுநாள் இருக்கும், கீற்றாக வாங்கினால் விதையையும் நாரையும் வழித்தெடுத்துவிட்டு பிரிட்ஜில் வையுங்கள். அந்த நாரில்தான் முதலில் புளிக்கும்.

பிரிட்ஜின் குளிரில், 4 அல்லது 5 பாகையில், பழ ஈயின் முட்டையும் புழுவும் வளராது. ஆனால் குளிர் உடனே எல்லாவற்றையும் கொன்றுவிடும் என்று நம்பவேண்டாம். இரண்டு நாள் பிரிட்ஜில் வைத்த பழத்தை எடுத்து மீண்டும் மேசையில் விட்டால் மிச்சமிருக்கும் முட்டை வேலையைத் தொடரும். எடுத்தால் சாப்பிட்டு முடிக்க வேண்டும்.

நான்காம் படி: வெங்காயக் கூடை

பழத்தை எல்லாம் உள்ளே வைத்தும் பழ ஈ போகவில்லை என்றால் நேரே வெங்காயக் கூடைக்குப் போங்கள்.

ஒருமுறை எங்கள் வீட்டில் மேசையில் ஒரு பழமும் இல்லை, குப்பை வாளி சுத்தம், இருந்தும் இரண்டு வாரமாகக் கொசு. கடைசியில் சிங்குக்குக் கீழே இருந்த கூடையை வெளியே இழுத்து ஒவ்வொரு பெரிய வெங்காயமாக எடுத்தேன். மேலே இருந்தவை எல்லாம் செம்மையாக, தோல் சரசரக்க இருந்தன. அடியில் ஒன்று. மேல்பாதி முழுசாகத் தெரிந்தது. தூக்கினால் கீழ்ப்பாதி கையோடு வரவில்லை, கூழாகிக் கூடையில் ஒட்டிக்கொண்டது. அதன் காய்ந்த சருகுத் தோலில் சீரகத்தை ஒட்டவைத்ததுபோல வரிசையாகப் பழுப்பு நிறத்தில் கூட்டுப்புழுக்கள். சில வெறும் கூடு, ஏற்கெனவே பறந்துவிட்டவை. மேசையில் நான் துரத்திக்கொண்டிருந்த அத்தனை ஈயும் அந்த ஒரு வெங்காயத்திலிருந்து வந்தவை.

அதிலிருந்து எங்கள் வீட்டில் பழக்கம் இது. வெங்காயமும் உள்ளியும் காற்றோட்டமான தட்டையான சுளகில் அல்லது கம்பித் தட்டில், ஒற்றை அடுக்கில், கண்ணில் படுகிற உயரத்தில். உருளைக்கிழங்கு வேறிடத்தில், இருட்டான அலுமாரித் தட்டில், கடதாசிப் பையில். வெளிச்சம் பட்டால் கிழங்கு பச்சையாகும், அந்தப் பச்சையைச் சாப்பிடக்கூடாது. இரண்டையும் ஒன்றாக வைத்தால் இரண்டும் சீக்கிரம் கெடும். சின்ன வெங்காயத்தை வாங்கியவுடன் ஒரு நாள் பத்திரிகையில் பரப்பி உலர்த்துங்கள். சனிக்கிழமை தோறும் எல்லாவற்றையும் கையில் எடுத்து அமத்திப் பார்ப்பது ஐந்து நிமிஷ வேலை. அழுகிய உருளைக்கிழங்கு மணம் வந்த பிறகு தேடினால் நாள் கடந்துவிட்டது என்று அர்த்தம்.

மரவள்ளிக்கிழங்கு இரண்டு மூன்று நாளிலேயே கெடும் பொருள். வாங்கிய அன்றே அவியுங்கள்.

ஐந்தாம் படி: குப்பை

மாநகர சபை வண்டி தினமும் வருவதில்லை. உக்கும் கழிவையும் உக்காத கழிவையும் பிரித்து வைக்க வேண்டும். 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து உயிர்கள் போன பிறகு இதன் அவசியத்தை யாரும் நமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. பிரிப்பது சரி, ஆனால் உக்கும் கழிவை வண்டி வரும்வரை இரண்டு மூன்று நாள் தொடர்மாடி வீட்டில் எங்கே வைப்பது? சிங்குக்குக் கீழே ஒரு வாளியில்தான் வைக்கிறோம், அங்கேதான் பிரச்சினை.

நான் கண்ட சிறந்த வழி பிரீசர். காலி ஐஸ்கிறீம் டப்பா இல்லாத வீடு உண்டா? பழத்தோல், தக்காளிக் காம்பு, பலாச்சக்கை எல்லாவற்றையும் அதில் போட்டு மூடி பிரீசரில் வையுங்கள். வண்டி வருகிற காலையில் எடுத்துக் கொட்டினால் மணமும் இல்லை, ஈயும் இல்லை. குப்பையைப் போய் பிரீசரில் வைப்பதா என்று வீட்டில் மாமி முகம் சுளிக்கலாம். மூடி இறுக்கமான, தனியான டப்பா என்று காட்டிச் சொல்லுங்கள், ஒரு வாரத்தில் அவரே பழகிவிடுவார்.

பிரீசரில் இடமில்லை என்றால் இறுக்கமான மூடியுள்ள சிறிய வாளி வாங்குங்கள். சிறியதுதான் நல்லது, தினமும் நிரம்பும், தினமும் வெளியே போகும். ஈரமான தோலைப் பத்திரிகையில் சுருட்டிப் போடுங்கள். பல்கனியில் உரம் போடுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் மேலே ஒரு கை தும்புத்தூள் தூவி, பழத்தோல் வெளியே தெரியாமல் மூடுங்கள்.

செவ்விளநீர்க் கோம்பையை மறந்துவிடாதீர்கள். உள்ளே மிஞ்சும் இரண்டு கரண்டி நீர் அடுத்த நாளே புளிக்கும். வெயில் நாளில் வாங்கிக் குடித்துவிட்டு பல்கனி மூலையில் அடுக்கி வைப்போம், அதுவே ஒரு பண்ணை.

ஆறாம் படி: பழமில்லாத இடங்கள்

புளிக்கிற எதுவும் பழ ஈக்குப் பழம்தான். தோசைக்கோ அப்பத்துக்கோ கரைத்து இரவு புளிக்க வைத்த மா, மூடி சரியாகப் பொருந்தாத பாத்திரத்தில் இருந்தால் விடிய அதன்மேல் நான்கைந்து மிதக்கும். மா பொங்குவதற்கு இடம் விட வேண்டும் என்பதால் மூடியை இறுக்க முடியாது. பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து வாயைக் கட்டி, மேலே மூடியைச் சாய்வாக வையுங்கள். நுளம்பு வலைத் துண்டு போதாது, அதன் கண் வழியாகச் சின்ன ஈ நுழைந்துவிடக்கூடும்.

கழுவாத குளிர்பானப் போத்தல், பியர்ப் போத்தல், பழச்சாறு குடித்த கப், இரவு முழுக்கச் சிங்கில் கிடக்கும் பாத்திரம், ஈரமான பாத்திரம் துடைக்கும் துணி, தரை துடைக்கும் துணி, பிரிட்ஜுக்குப் பின்னால் நீர் சேரும் தட்டு. இவற்றைச் சொல்லிக்கொண்டே போகலாம். இரவு படுக்கப் போகும்போது சிங்க் காலி, துணிகள் பிழிந்து விரித்துக் காய்கின்றன என்றால் போதும்.

சிங்கின் வடிகால் குழாயில் வழுவழுப்பாக ஒரு படை படியும். அதிலும் முட்டை இடும். சந்தேகம் இருந்தால் இரவில் வடிகால் வாய்க்கு மேலே ஒட்டுநாடாவை ஒட்டும் பக்கம் கீழே பார்க்கும்படி, காற்றுக்குச் சிறிது இடைவெளி விட்டு ஒட்டுங்கள். காலையில் அதில் ஈ ஒட்டியிருந்தால் குழாயிலிருந்து வருகிறது. சிறகு அகலமாக, மயிரடர்ந்து, சின்ன விட்டில்போல இருந்தால் அது பழ ஈ அல்ல, வடிகால் ஈ. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: நீளமான தூரிகையை விட்டு அந்தப் படையைத் தேய்த்து எடுக்க வேண்டும். பிறகு சவர்க்காரம் கரைத்த சூடான நீர். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிளாஸ்டிக் குழாய் இளகும், கவனம். அப்பச்சோடாவும் வினாகிரியும் ஊற்றினால் நுரைக்கிறது, பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் தூரிகை செய்கிற வேலையை அது செய்யாது.

மாம்பழப் பெட்டி

யாழ்ப்பாணத்தில் உறவு உள்ள கொழும்பு வீடுகளுக்கு மாம்பழப் பருவத்தில் இது தனி விஷயம். இரவு பஸ்ஸில் ஏற்றிவிட்ட கறுத்தக்கொழும்பான் பெட்டி விடியற்காலை வெள்ளவத்தையில் இறங்கும். தூக்கிக்கொண்டு வரும்போதே படிக்கட்டு முழுக்க மணக்கும். அட்டைப் பெட்டியின் அடியில் ஒரு மூலை ஈரமாக இருந்தால் உள்ளே ஒன்று நசிந்துவிட்டது என்று அர்த்தம்.

பெட்டியை அப்படியே கட்டிலுக்குக் கீழே தள்ளாதீர்கள். அன்றைக்கே பிரியுங்கள். வைக்கோலையும் பத்திரிகையையும் அட்டையையும் உடனே வெளியேற்றுங்கள், சாறு அதில்தான் ஊறியிருக்கும். நசிந்ததைத் தோல் சீவிச் சதையாக்கி பிரீசரில் வையுங்கள். காயைக் காம்பு கீழாகப் புதுப் பத்திரிகையில் ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்கி, மேலே பருத்தித் துணியால் மூடி, துணியின் விளிம்பைச் சுற்றிவரச் செருகுங்கள். தினமும் காலையில் திறந்து காம்படியை விரலால் அமத்திப் பாருங்கள், இளகியது பிரிட்ஜுக்குப் போகட்டும். அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க நினைத்தால் முதல் நாளே கொடுங்கள், ஐந்தாம் நாள் கொடுத்தால் ஈயையும் சேர்த்துக் கொடுக்கிறோம்.

மாம்பழத்தை வெட்டினால் உள்ளே வெள்ளைப் புழு நெளிகிறது என்றால் அது வேறு ஈ. மரத்தில் காய் இருக்கும்போதே தோலைத் துளைத்து முட்டை இடுகிற பெரிய பழ ஈ, கொய்யாவுக்கும் வருவது அதுதான். அதே குடும்பத்து இன்னொன்று பாகற்காயையும் புடலங்காயையும் துளைக்கும். உங்கள் குசினியில் அது பெருகாது, நீங்கள் வைத்த விதத்தில் பிழையும் இல்லை. அந்தப் பழத்தை மட்டும் பையில் கட்டி எறியுங்கள்.

கரண்ட் இல்லாவிட்டால்

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது பிரிட்ஜை நம்பி எதையும் வைக்க முடியவில்லை. அப்போது கற்றது: அன்றன்றைக்கு வாங்குவது, வெட்டிய எதையும் மிச்சம் வைக்காமல் முடிப்பது. கரட், போஞ்சி, கீரையை ஈரத்துணியில் சுற்றி அகலமான மண்சட்டியில் வைத்து, அந்தச் சட்டியை நீர் ஊற்றிய தட்டில் நிறுத்தினால் ஒரு நாள் வாடாமல் இருக்கும். மழைக்கால ஈரக் காற்றில் இது அவ்வளவாகக் குளிராது. பழத்துக்கு இந்த வழி வேண்டாம், ஈரம் அதைக் கெடுத்துவிடும்.

ஏழாம் படி: ஏற்கெனவே மொய்த்துவிட்டால்

முதலில் தாய்வீட்டைக் கண்டுபிடித்து அகற்றுங்கள்: வெங்காயக் கூடை, குப்பை வாளியின் அடி, சிங்குக்குக் கீழே, பிரிட்ஜின் பின்தட்டு, போத்தல்கள். அது நடக்காமல் பொறி வைத்தால் நூறு செத்தாலும் இருநூறு வரும். பூச்சி மருந்தைக் குசினியில் அடிக்க வேண்டாம். பறக்கிறது விழும், முட்டையும் புழுவும் அப்படியே இருக்கும், மருந்து பாத்திரத்தில் படியும். நுளம்புச் சுருளும் அப்படித்தான். கராம்பு குத்திய தேசிக்காய் வீட்டுக்கு நல்ல மணம், வேறு ஒன்றும் இல்லை.

பிறகு பொறி. சிறிய கண்ணாடிக் கிண்ணத்தில் நான்கு மேசைக்கரண்டி தென்னங்கள்ளு வினாகிரி ஊற்றுங்கள். வெள்ளை நிறச் செயற்கை வினாகிரியைவிட இயற்கையாகப் புளித்தது நன்றாக இழுக்கும். அரைத் தேக்கரண்டி சீனி, அதோடு பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. அந்த இரண்டு சொட்டுத்தான் வேலை செய்கிறது. அது இல்லாவிட்டால் ஈ நீரின் மேல் நின்று குடித்துவிட்டுப் பறந்துவிடும், இருந்தால் இறங்கியவுடன் அமிழும். வினாகிரி இல்லாத வீட்டில் கனிந்த வாழைப்பழத் துண்டைப் போத்தலில் போட்டு, கடதாசியைக் கூம்பாகச் சுருட்டி, நுனியில் சிறிய துளை விட்டுப் போத்தல் வாயில் செருகலாம். உள்ளே போகிறது திரும்பி வரத் தெரியாமல் சுற்றும். அந்தப் போத்தலை மறந்துவிட்டால் நீங்களே ஒரு பண்ணை வைத்ததாகிவிடும், ஆகவே இரண்டாம் நாள் பையில் கட்டி வெளியேற்றுங்கள்.

கிண்ணத்தைப் பழம் இருந்த இடத்திலேயே வையுங்கள், வேறு வாசனை எதுவும் பக்கத்தில் போட்டிக்கு இருக்கக்கூடாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

முதல் இரண்டு நாள் கிண்ணம் கறுக்கும். மூன்றாம், நான்காம் நாள் ஏறக்குறைய ஒன்றும் இருக்காது, வேலை முடிந்தது என்று தோன்றும். இங்கேதான் எல்லோரும் கிண்ணத்தை எடுத்துவிடுகிறோம். கூட்டுக்குள் இருந்தவை இன்னும் வெளிவரவில்லை. ஆறாம் நாளிலிருந்து சில மீண்டும் விழும், பயப்பட வேண்டாம். மேசையில் பழம் வைக்காமல், குப்பையைத் தினமும் வெளியேற்றி, பத்து நாள் முழுதாகப் பொறுங்கள். பத்துக்குப் பிறகும் தினமும் விழுகிறது என்றால் எங்கோ இன்னொரு வெங்காயம் இருக்கிறது, தேடுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து கிண்ணம் தெளிவாக இருந்தால் அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அடுத்த சீப்பு வாழைப்பழத்தை வாங்கி வரலாம்.